ஏரோநாட்டிக்கல் முடித்தவர்களிடம் ‘பிளேஸ்மென்ட் கேரண்டி’ என்று பணம் கேட்கிறார்கள், கொடுக்காதீர்கள்

என் தம்பி ஏரோநாட்டிக்கல் இன்ஜினியரிங் முடித்தவன். விமானத் துறைக்கு ஆள் தயார் செய்வதாகச் சொல்லும் சென்னைப் பயிற்சி மையம் ஒன்று அவனிடம் 85,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கைவிரித்துவிட்டது. இனி யாரும் ஏமாறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம்ப வைத்த விதத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. இஸ்ரோவில் புதிதாகச் சேரும் இன்ஜினியருக்கு அடிப்படைச் சம்பளமே 56,100 ரூபாய் என்ற அறிவிப்பை அந்த மையத்தின் அட்மிஷன் கவுன்சிலர் எங்கள் அம்மாவிடம் காட்டினார். அது உண்மையான அறிவிப்புதான். “கவர்மென்ட்லயே இவ்வளவும்மா, பிரைவேட்ல இன்னும் மேல. கேட்டியா (CATIA), ஆன்சிஸ் (ANSYS)னு ரெண்டு இன்ஜினியரிங் சாஃப்ட்வேரும் படிக்கட்டும், பெங்களூர்ல நாங்களே வேலைல உட்கார வச்சிடறோம்” என்றார். தம்பியின் தோளில் கைவைத்து, “இவன் என் பையன் மாதிரி” என்றும் சொன்னார். அம்மா சீட்டு எடுத்து வைத்திருந்த 85,000 ரூபாயும் அன்றைக்கே போனது.

இஸ்ரோ வேலைக்கு எழுத்துத் தேர்வும் நேர்காணலும் தாண்ட வேண்டும். அங்கேயும் அதிகம் எடுப்பது எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் படித்தவர்களைத்தான். பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவில் விஞ்ஞானி வேலைக்கு கேட் (GATE) தேர்வு மதிப்பெண் கேட்பார்கள். தாங்கள் வாங்கித் தரவே முடியாத வேலையின் சம்பளத்தைக் காட்டிப் பணம் பிடுங்கியிருக்கிறார்கள்.

படிப்பு முடிந்ததும் அனுப்பியது ஒரே ஒரு இன்டர்வியூவுக்கு. அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறை, டிராயிங் போடும் வேலை, மாதம் 13,000. கேட்டால் ஹெச்ஆர் லீவு என்றார்கள். அப்புறம் இந்த குவார்ட்டரில் ஆள் எடுக்கவில்லை என்றார்கள். அப்புறம் தம்பிக்கு இங்கிலீஷ் போதாது என்றார்கள். நான் நேரில் போனபோது சாயங்காலம் வரை உட்கார வைத்துவிட்டு, “ரசீதுல பயிற்சிக் கட்டணம்னுதானே சார் போட்டிருக்கு?” என்றார் அதே கவுன்சிலர். இப்போது போனையும் எடுப்பதில்லை. 85,000 ரூபாய்!

விரிவாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. சரி, இதை மட்டும் பாருங்கள். வேலை உறுதி என்றால் அதை எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். முழுப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள். அங்கே படித்து வேலைக்குப் போனவர்களை நீங்களே தேடிப்பிடித்துப் பேசுங்கள். ஏற்கெனவே கட்டி ஏமாந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுங்கள், நாங்கள் கொடுத்திருக்கிறோம். அந்த மையத்தில் இந்த வாரமும் புது பேட்சுக்கு ஆள் சேர்க்கிறார்கள்.