லுலூர் பொடி: நான்கு வருஷமும் அடைத்துக்கொண்ட ஒரு குழாயும்

போன வியாழக்கிழமை குளியலறை அடைப்பெடுக்க ஆள் வந்திருந்தார். இரண்டு மாதமாகத் தண்ணீர் சரியாக இறங்கவில்லை. புளித்த மாவு வாடை வேறு. வடிகால் சல்லடையைக் கழற்றி, கம்பியை உள்ளே விட்டுச் சுழற்றி இழுத்தார். வந்தது ஒரு கைப்பிடி மஞ்சள் கட்டி. தொட்டுப் பார்த்தேன். பிசைந்து வைத்து மறந்துபோன கொழுக்கட்டை மாவு மாதிரி வழவழவென்று இருந்தது. உள்ளே தலைமுடி, நார், கறுத்துப்போன பூத்துணுக்கு. "இபு (அம்மா), குளியலறையிலா மாவு கழுவுறீங்க?" என்று கேட்டார். கூலி 150,000 ரூபியா. நான் உடம்பில் தேய்த்துக் குளிக்க வாங்கும் லுலூர் பொடி ஏழு பொட்டலத்துக்கு மேல் வாங்கலாம் அந்தக் காசில்.

அன்று சாயந்திரமே ஜகார்த்தாவிலிருந்து தோழி கூப்பிட்டாள். "அக்கா, நீங்க தேய்ச்சுக்கிற அந்தப் பொடி விலை இறங்கியிருக்கு, ஒரு டஜன் வாங்கிப் போட்டுடட்டுமா?" அப்போது எனக்கு இருந்த எரிச்சலில் சரியாகப் பதில் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜாவாத் தீவின் யோக்யகர்த்தாவுக்குக் குடிவந்த முதல் மாதமே பெரிங்ஹார்ஜோ சந்தையில் மூலிகைக்காரம்மாவிடம் முதல் பொட்டலம் வாங்கினேன். காகிதப் பொட்டலம், 20,000 ரூபியா. லுலூர் ஜாவாவின் பழைய வழக்கம். ஜாவா அரண்மனைப் பெண்கள் கல்யாணத்துக்கு முன்னால் நாற்பது நாள் தேய்த்துக்கொள்வார்கள் என்ற கதையை எல்லா ஸ்பா அட்டையிலும் போட்டிருப்பார்கள். நம் நலங்கு மாவுக்குச் சொந்தக்காரிதான். அரிசி, மஞ்சள், மல்லிகை, வெந்தயம், தெமு கிரிங் என்று மஞ்சள் இனத்தில் இன்னொரு கிழங்கு. அவித்த பயறு வாசனை இல்லாமல், பச்சை மண்வாசனையாக இருக்கும். பன்னீர் விட்டுக் குழைத்துப் பத்து நிமிஷம் ஊற வைத்தால், ரவை போலிருந்த பொடி மெத்தென்று ஆகிவிடும்.

தோலுக்கு என்ன செய்தது என்று கேட்டால், இதில் எனக்குக் குறையே கிடையாது. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் இங்கே காற்று வறண்டுவிடும். முழங்காலுக்குக் கீழே நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும். வாரம் ஒரு தடவை தேய்த்துவிட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் அந்தக் கோடு விழாது. நான்கு வருஷமாக உடம்புக்கு வேறு சோப்பு, ஸ்க்ரப் எதுவும் வாங்கவில்லை. பிளாஸ்டிக் டப்பா ஒன்றுகூட இந்த வீட்டுக் குப்பையில் அதனால் சேரவில்லை. துண்டில் மஞ்சள் கறை பிடிக்கும் என்று பயப்படுகிறவர்களுக்கு: நல்ல வெயிலில் இரண்டு நாள் காயப் போடுங்கள், மஞ்சள் வெயிலுக்கு நிற்காது.

அப்புறம் குழாய் ஏன் அடைத்தது? ஏனென்றால் நான் நான்கு வருஷமாகத் தப்பாகக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறேன், பொட்டலத்திலோ சந்தையிலோ யாரும் சொல்லவில்லை. பச்சரிசி மாவு தண்ணீரில் கரையாது, அடியில் தங்கும். குழாயின் வளைவில் படிந்து, அதன்மேல் எண்ணெய் ஏறி, அதன்மேல் முடி சிக்கி, கடைசியில் புளிக்கும். பக்கத்து வீட்டு ஏயாங்கிடம் (எண்பது வயதிருக்கும், பாட்டியம்மாவை இங்கே அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்) நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்பட்டார். "ஈரமாகவா கழுவினாய்?"

அவர் காட்டியது இது. குழைத்ததைத் தடவிவிட்டு முக்கால்வாசி காயும் வரை உட்கார வேண்டும். தோல் இழுக்க ஆரம்பிக்கும். அப்போது பழைய பாத்திக் துணி ஒன்றைக் கீழே விரித்து, அதன்மேல் நின்றுகொண்டு உள்ளங்கையால் உருட்டி உருட்டித் தேய்க்க வேண்டும். மாவு அழுக்கோடு சேர்ந்து சின்னச் சின்னத் திரியாக உதிரும். இறந்த தோலை எடுப்பதே அந்த உருட்டல்தான், தண்ணீர் இல்லை. உதிர்ந்ததை அந்தத் துணியோடு கொண்டுபோய் கொய்யா மரத்தடியில் உதறிவிட்டு வந்து, தொட்டித் தண்ணீரை மொள்ளும் குவளையால் குளித்தால் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்படிச் செய்து பார்த்தேன். பதினைந்து குவளை போதுமாக இருந்தது. முன்பெல்லாம் தொட்டியில் பாதி காலியாகும். தரையில் மஞ்சள் தடம்கூட இல்லை.

கோபம் எனக்கு இதில்தான். பொருளை விற்கிறார்கள், கூடவே இருந்த பழக்கத்தை விட்டுவிடுகிறார்கள். மரத்தடியும் மண்ணும் இருந்த வீட்டுக்காக உண்டான பொடி இது. டைல்ஸ் போட்ட குளியலறைக்கு அதைக் கொண்டுவரும்போது 'காய்ந்த பிறகு உதிர்த்துவிட்டுக் குளிக்கவும்' என்று ஒரு வரி அச்சடிக்க எவ்வளவு செலவாகும்?

இன்னொன்றும் உண்டு. என் பொட்டலத்தில் 'செந்தானா' என்று போட்டிருக்கிறது. சந்தனம்தான். நம் சொல்லும் அதுவும் ஒரே வேர்தான், கொஞ்சம் நாக்கு மாறியிருக்கிறது. ஆனால் உள்ளே சந்தனம் இல்லை, இருபதாயிரம் ரூபியாவுக்கு இருக்கவும் முடியாது. தீமோர் தீவின் சந்தனத்தைத் தேடிப் போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் வந்து, நூற்றாண்டுக் கணக்கில் வெட்டித் தீர்த்தார்கள். அந்த மரம் தனியாக வளராது, பக்கத்து மரத்தின் வேரில் ஒட்டி உறிஞ்சித்தான் நிற்கும்; வாசனைக் கட்டை வைக்கப் பல பத்தாண்டு ஆகும். உலக அளவில் அழியக்கூடிய இனங்களின் பட்டியலில் இந்தச் சந்தனம் 1998 முதலே இருக்கிறது. ஆகவே பொடியில் போடாதது நல்ல காரியம். அதை வெளிப்படையாகச் சொல்லலாமே? 'சந்தனம் சேர்க்கவில்லை' என்று போட்டிருந்தால் அந்த அம்மாவிடம் இன்னும் இரண்டு பொட்டலம் கூடுதலாக வாங்கியிருப்பேன்.

ஸ்பாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாலித் தீவின் உபுதில் 'இயற்கையோடு இணைந்தது' என்று பெரிதாக எழுதிவைத்திருந்த ஒரு இடத்துக்குப் போயிருந்தேன். 2018-ல் பாலி ஆளுநர் பிளாஸ்டிக் பை, உறிஞ்சுகுழல், தெர்மாகோல் மூன்றையும் தடை செய்து ஆணை போட்டார். அதனால் இளநீருக்கு மூங்கில் குழல் கொடுத்தார்கள். உள்ளே போனதும் என் உடம்பில் மருந்தைப் பூசி, சமையலறையில் சாப்பாடு மூடும் பிளாஸ்டிக் தாளை மீட்டர் கணக்கில் சுற்றினார்கள். கடைசியில் ஒரு தொட்டித் தண்ணீரில் பூவைக் கொட்டி உட்கார வைத்து, எழுந்ததும் அப்படியே திறந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீரில் எங்கள் வீட்டில் பத்துப் பேர் குளிக்கலாம். வேலை செய்த பெண்ணின் கை அவ்வளவு பதமான கை, அவள்மேல் ஒரு குறையும் இல்லை. வாழையிலை தோட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அதில் சுற்றியிருக்கலாம்.

ஆனால் அந்தப் பயணத்தில்தான் பொரே கிடைத்தது. இதைப் பற்றி எழுதாமல் விட மனசு வராது. பாலியில் வயலில் முழங்கால் சேற்றில் நின்றுவிட்டு வருகிறவர்கள் காலில் பூசிக்கொள்ளும் பற்று. கிராம்பு, சுக்கு, பட்டை, ஜாதிக்காய், மிளகு, கெஞ்சூர் எல்லாம் அரிசியோடு இடித்தது. கெஞ்சூர் வேறு ஒன்றுமில்லை, நாட்டு மருந்துக்கடையில் நாம் கேட்டு வாங்கும் கச்சோலம். உபுத் சந்தையில் ஒரு பாட்டி வாழையிலையில் கட்டிக் கொடுத்தாள். நாள் முழுக்க நின்று பாடம் நடத்திவிட்டு மழையில் நனைந்து வீட்டுக்கு வந்த ஒரு நவம்பர் சாயந்திரம், கெண்டைக்காலில் அப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு பாதத்தில் யாரோ அடுப்பு மூட்டியது போல மெல்ல ஏற ஆரம்பித்தது. கால் கடுப்பு இறங்கியதைவிட அந்தச் சூடு வந்த விதம்தான் இன்றைக்கும் ஆச்சரியம். கிராம்பு இதே நாட்டின் தெர்னாத்தே, தீதோரே தீவுகளிலிருந்து, ஜாதிக்காய் பண்டாத் தீவுகளிலிருந்து உலகத்துக்குப் போனவை. கப்பல் கப்பலாக வந்து சண்டை போட்ட சரக்கு, இங்கே ஒரு விவசாயியின் காலுக்கு மருந்து.

வெயிலில் கன்றிய தோலுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பொரே வேண்டாம். பூசிய கையால் கண்ணைத் தொடாதீர்கள், நான் தொட்டிருக்கிறேன். இதையும் காயவிட்டுத் துணியில்தான் உதிர்க்க வேண்டும்.

இப்போது தோழிக்குப் பதில். லுலூர் டஜன் வேண்டாம். ஒன்றுகூட வேண்டாம். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று கேட்பாய். நீ இருப்பது பதினெட்டாவது மாடி; உதற மரத்தடி கிடையாது, உன் குழாய் அடைத்தால் கீழ்வீட்டுக்காரருக்கும் சேர்த்து அடைக்கும். பொரே மட்டும் ஒரு பொட்டலம் எடுத்து வைத்திருக்கிறேன். இந்த மாதக் கடைசியில் வருகிறாய் இல்லையா, பழைய துணி ஒன்று கொண்டு வா. கொய்யா மரத்தடியில் நாற்காலி போட்டு வைக்கிறேன்.