கெமிக்கல் வாஷா, கேஸ் நிரப்புவதா?

செந்தூல் அடுக்குமாடி வீட்டில் எங்கள் ஏர்கோனை 18 டிகிரியில் வைத்தும் வியர்த்துக் கொட்டியது. பார்க்க வந்தவர் கேஸ் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரைக்கூட மாட்டாமல், “கேஸ் இல்லண்ணே” என்றார். எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது.

ஏர்கோனைக் குளிர வைக்கும் இந்த கேஸ், பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் நிரப்பினால் மறுபடியும் காசு போகும். குழாயில் பனி படிந்தால் கேஸ் குறைவு என்று உடனே முடிவு கட்டுகிறார்கள். தூசி அடைத்த ஃபில்டரும் அதே பனியைக் கொண்டுவரும்!

கெமிக்கல் வாஷ், அதாவது ஏர்கோனின் உள்பாகத்தை ரசாயனம் போட்டுக் கழுவுவது, வேறு கதை. காற்று பலவீனமாக வருகிறது, உள்ளே தண்ணீர் சொட்டுகிறது, பூஞ்சை வாடை அடிக்கிறது என்றால் அழுக்குதான். கோலாலம்பூர் ஈரப்பதத்துக்கு அது சீக்கிரமே சேரும். முதலில் ஃபில்டரை நீங்களே கழுவுங்கள், செலவே இல்லை. அப்புறம் வாஷ்.

காற்று பலமாக வந்தும் குளிரவில்லை, வெளியே கம்ப்ரசரும் ஓடுகிறதா? சரி, கேஸைச் சோதிக்கச் சொல்லலாம். ஆர்22, ஆர்32 போன்ற கேஸ் வகைகளில் உங்களுடையது எது என்று ஏர்கோன் ஸ்டிக்கரில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மற்றொன்றை ஊற்றக்கூடாது.

எங்களுக்கு வாஷே போதுமானதாக இருந்தது.