ஒன்றரை வருடம் யன்னலில் ஒட்டிய அப்பாச்சி

அப்பாச்சியின் அந்தியேட்டிக்குப் பெரிதாக்கி அச்சடித்த கறுப்பு வெள்ளைப் படம் இரண்டு வருடத்தில் பச்சை நிறமாகிவிட்டது. அதே சுவரில் இருக்கும் அவவின் கல்யாணப் படம் அறுபதுகளில் ஸ்டூடியோவில் எடுத்தது. எல்லா இடம்பெயர்வையும் பார்த்த படம். ஓரத்தில் கொஞ்சம் வெள்ளி மினுக்கம் தட்டியதோடு சரி, கறுப்பு கறுப்பாகவே நிற்கிறது.

கடையில் கேட்டால் "நூறு வருடம் நிற்கும் மை" என்றார்கள். சரி, நானே பார்க்கிறேன் என்று இறங்கினேன். அப்பாச்சியின் முகம், பக்கத்தில் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை பதினொரு படி சாம்பல் பட்டை. இதை டை, பிக்மென்ட் என்று இரண்டு மையில், பளபளப்பு, பருத்தி என்று இரண்டு கடதாசியில் அச்சடித்து ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டினேன். ஒரு பாதி கொப்பிக்குள் வைத்து அலுமாரியில். மற்றது யன்னல் கண்ணாடியில். இன்னொரு செட், கண்ணாடி போடாமல் ஹோலில் மின்விசிறிக்குக் கீழே.

முதல் பிழை சூரியனோடு. தெற்கு யன்னல்தான் வெயில் யன்னல் என்று நினைத்து, சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு அங்கே ஒட்டினேன். ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு வடக்கே அல்லவா நிற்கும்! இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை; நல்ல மைதான் போல என்று மகிழ்ந்ததும் உண்டு. பிறகு மேற்கு யன்னலுக்கு மாற்றினேன். ஒன்றரை வருடக் கணக்கு அங்கிருந்துதான்.

முதலில் விழுந்தது டை மை, அதாவது சாயம் கரைந்த மை. மூன்றாம் மாதமே அப்பாச்சியின் கன்னம் பச்சை. அந்தப் பிரிண்டரில் கறுப்பு ஒன்றே ஒன்று. சாம்பலை எல்லாம் சயான் என்ற பச்சை கலந்த நீலம், மஜெந்தா என்ற ஊதா கலந்த சிவப்பு, மஞ்சள் மூன்றையும் கலந்துதான் போடும். வெயிலில் மஜெந்தா முதலில் செத்தால் மிச்சம் பச்சைதானே. மின்விசிறிக்குக் கீழே இருந்தது வேறு கதை. வெயிலே படவில்லை, ஆனால் கோப்பாய்ச் செம்மண் நிறத்துக்குப் போய்விட்டது. காற்றில் உள்ள ஓசோன் சயானைத்தான் முதலில் தின்னும். உடனே காயும் பளபளப்புக் கடதாசியின் பூச்சு நுண்துளைகள் நிறைந்தது. பஞ்சு மாதிரிக் காற்றை உள்ளே விடும். மங்கினால்கூடப் பொறுத்திருப்பேன், நிறம் மாறியதுதான் தாங்கவில்லை.

பிக்மென்ட் மை, அதாவது கரையாத நிறத் துகள் கலந்த மை, நண்பரின் பிரிண்டரில் அடித்தது. கறுப்பும் இரண்டு சாம்பலும் தனித்தனி மை; மூன்றிலும் இருப்பது கரி. ஏட்டுச் சுவடியில் எழுத்தாணிக் கீறலுக்குள் தேய்த்த அதே கரிதான், அது வெயிலுக்கு அசையாது. அலுமாரிப் பாதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பட்டையின் கரும்படிகளில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் கடதாசி காலை வாரியது. பளபளப்புக் கடதாசியில் மை அப்படியே நிற்க, வெள்ளை மட்டும் பழுத்துவிட்டது. காசுத்தாள் பார்க்கும் ஊதா டோர்ச்சை அடித்தால் அலுமாரிப் பாதி நீலமாக ஒளிர்ந்தது, யன்னல் பாதி செத்துக் கிடந்தது. வெண்மையைக் கூட்டிக் காட்டக் கலக்கும் ஒளிர்பொருளை வெயில் தின்றுவிட்டது. அது கலக்காத பருத்திக் கடதாசி புதிதிலும் ஒளிரவில்லை, பிறகும் மாறவில்லை. வாங்கும்போது டோர்ச்சைக் கொண்டுபோங்கள்.

பருத்திக்கும் குறை உண்டு. விலை கூட, விரல் பட்டால் தழும்பு, மார்கழி மழையில் ஓரம் சுருளும். கறுப்பும் பளபளப்பில் வரும் ஆழத்துக்கு வராது. பிக்மென்ட் பிரிண்டரைக் கிழமைக்கு ஒருக்கா ஓட்டாவிட்டால் மை வரும் முனை அடைத்துக்கொள்ளும்.

அந்த நூறு வருடக் கதை எங்கிருந்து வருகிறது என்றும் பார்த்தேன். இந்தத் துறையில் பெயர்பெற்ற ஹென்றி வில்ஹெல்மின் ஆய்வகம் எடுக்கும் கணக்கு: நாளுக்கு 12 மணிநேரம் 450 லக்ஸ் வெளிச்சம், 24 பாகை, 60 சதவீத ஈரப்பதம். நேர் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரும். எங்கள் ஹோலில் 24 பாகை எந்த மாதம் வரும் என்று யாராவது சொன்னால் நல்லது.

அலுமாரிப் பாதிகள் நான்கும் புதிது போலத்தான் இருக்கின்றன. ஆல்பத்தில் மூடி வைக்கிற படத்துக்கு டை மையே போதும், வீண் செலவு வேண்டாம்.

அப்பாச்சியைப் பருத்தியில், பிக்மென்டில் திரும்ப அடித்து, கண்ணாடியில் ஒட்டாதபடி இடைவெளி விட்டுச் சட்டம் போட்டு, வெளிச்சம் குறைந்த உள்சுவரில் மாட்டியாயிற்று. அம்மாவுக்கு இன்னும் கோபம்: "வாற ஆக்களுக்குத் தெரியாத இடத்தில கொண்டுபோய் மாட்டிப்போட்டாய்."