கியர்பாக்ஸ் டிரெயின் பிளக்: ஆறுகோணத் தலைக்கு மாறிய பிறகு

இந்த முறை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றும்போது, ஆயிலை வடிக்க அடியில் இருக்கும் திருகு மூடியான டிரெயின் பிளக் ஒரே இழுப்பில் கழன்றது. சாக்கெட்டை மாட்டி ஸ்பேனரை அழுத்தினேன், ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பழைய பிளக்கோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் அந்தச் சத்தத்தின் அருமை தெரியும். இதே மாடல் கார் வைத்திருக்கும் நண்பர், தன்னுடையதையும் மாற்றிவிடலாமா என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

கம்பெனியில் போட்டு வரும் பிளக்கின் தலை வட்டம். வெளியிலிருந்து பிடிக்க எதுவும் கிடையாது. நடுவில் ஒரு சதுரக் குழி. சாக்கெட் மாட்டித் திருப்பும் கைப்பிடியான ராட்செட்டின் 3/8 அங்குல முனை அதில் நேரடியாகப் போய் உட்காரும். தனியாக சாக்கெட் தேவையில்லை. தலை வெளியே நீட்டிக்கொண்டு இல்லாததால் ரோட்டில் கல் அடித்தாலும் பிளக்குக்கு ஒன்றும் ஆகாது. இப்படி வடிவமைத்தவர்களுக்கு நியாயமான காரணம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் குழி சேற்றையும் மணலையும் வாங்கி வைத்துக்கொள்கிறது. வருடக்கணக்கில் இறுகிப்போன சேறு உள்ளே இருக்கும்போது ராட்செட் முனை பாதி ஆழத்துக்குத்தான் இறங்கும். மாட்டிவிட்டது போலவே தெரியும். பலம் கொடுத்தால் குழியின் மூலைகள் மழுங்கிவிடும். ஒரு தடவை மழுங்கினால் அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் வழுக்கும். தலை வட்டமாக இருப்பதால் பிளையரும் பிடிக்காது. இத்தனைக்கும் இது கார் ஓடும் காலம் முழுக்கத் திரும்பத் திரும்பத் திறக்க வேண்டிய பாகம்! இதில் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் அடங்கவில்லை.

என் காரில் குழியைக் கெடுத்தது முன்பு சர்வீஸ் செய்த ஒரு ஒர்க்‌ஷாப். பிளக் வெளியே வந்தபோதுதான் கதை புரிந்தது. பிளக்குக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே அலுமினிய வாஷர் ஒன்று உண்டு. இறுக்கும்போது அது நசுங்கித்தான் கசிவை அடைக்கும், ஆகவே ஒரே ஒரு தடவைதான் பயன்படும். என் பிளக்கில் இருந்த வாஷர் தகடு போலத் தேய்ந்து தலையோடு ஒட்டிக் கிடந்தது; நகத்தால் கிளப்பியும் வரவில்லை. பழைய வாஷரையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். கசிந்திருக்கும். கசிவை நிறுத்த இன்னும் இறுக்கியிருப்பார்கள். அந்த இறுக்கம்தான் அடுத்த ஆள் திறக்கும்போது சதுரக் குழியைத் தின்றது. இத்தனை கூத்துக்கும் மூலம் ஒரு சின்ன வளையம்.

சரி, கழற்றிய விதம். காரை ஸ்டாண்டில் மட்டமாக நிறுத்தினேன். முதல் வேலை, மேலே ஆயில் ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பார்ப்பது. கீழே திறந்து ஆயில் எல்லாம் போன பிறகு மேலே திறக்காவிட்டால் கார் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அப்புறம் குழியை ஊசியால் அடிவரை சுரண்டி, துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டேன். கியர்பாக்ஸ் வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. சூட்டில் அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும் என்பதால் மரையின் பிடி கொஞ்சம் தளரும். கை பொறுக்காத சூடு வேண்டாம், உள்ளே இருக்கும் ஆயில் தோலை வேகவைத்துவிடும்.

மழுங்கிய குழிக்குள் கொஞ்சம் பெரிய நட்சத்திர பிட் ஒன்றைச் சுத்தியலால் அடித்து இறக்கிப் பார்த்தேன். லேசாக அசைந்தது, பிறகு அதுவும் வழுக்கிவிட்டது. கடைசியில் உளிதான் கைகொடுத்தது. தலையின் விளிம்பில் ஆழமாக ஒரு வெட்டு, அதே வெட்டில் உளியைச் சாய்த்துக் கழலும் திசையில் தட்டல். அவசரப்பட்டு ஓங்கி அடித்தால் உளி நழுவி அலுமினியத்தில் இறங்கும். பொறுமையாகத் தட்டத் தட்ட மயிரிழை அளவு நகர்ந்தது; அதற்குமேல் தடுக்க எதுவும் இல்லை. தலைமேல் ஒரு நட்டை வெல்டு வைத்துத் திருப்புவதும் உண்டு. வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். ஆனால் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும், பக்கத்தில் தீப்பிடிக்கக்கூடிய ஆயில் இருக்கிறது, பழகிய கை இல்லாமல் அதில் இறங்க வேண்டாம். பிளக் எதற்கும் மசியவில்லை என்றால், ஆயிலை மட்டும் டிப்ஸ்டிக் குழாய் வழியாகக் கை பம்ப்பால் உறிஞ்சி எடுத்து மாற்றிக்கொள்ளலாம். அதற்குள் பிளக்கைக் கழற்ற வழி பார்க்கலாம்.

புதிதாகப் போட்டதும் அதே எம்18, 1.5 பிட்ச் மரை, அதாவது 18 மில்லிமீட்டர் விட்டம், மரைச் சுற்றுகளுக்கு நடுவே 1.5 மில்லிமீட்டர் இடைவெளி. தலை ஆறுகோணம், 19 மில்லிமீட்டர் சாக்கெட். முனையில் பழையதைவிடப் பெரிய காந்தம். இந்தக் காந்தம் நான் எதிர்பார்க்காத சந்தோஷம். ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் முதலில் பார்ப்பது அதைத்தான். வெள்ளைத் துணியில் துடைத்தால் கண்மை போல வழவழப்பாகக் கருஞ்சாம்பல் பசை வரும். விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள்: நறநறப்பு இல்லாவிட்டால் பயமில்லை, இயல்பான தேய்மானம். கண்ணுக்குத் தெரியும் செதிலோ துண்டோ வந்தால் உள்ளே ஏதோ பல்லோ பேரிங்கோ உடைகிறது. ஆனால் காந்தத்தை மட்டும் நம்பி நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கிளட்ச் தகடுகளின் உராய்வுப் பொருளைக் காந்தம் இழுக்காது. அதன் கதை ஆயிலின் நிறத்திலும் வாசனையிலும்தான் தெரியும். சிவப்பு மங்கிக் கரும்பழுப்பாகி, கருகிய வாடை வந்தால் கவனிக்க வேண்டும்.

இனி என்னை விடாமல் குடையும் ஒரு எரிச்சல். காருக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவரில் பிளக்குக்கு நேராக ஒரு ஓட்டை விட்டிருக்கிறார்கள். பழைய பிளக்குக்கு ராட்செட்டின் எக்ஸ்டென்ஷன் கம்பி அந்த ஓட்டை வழியே அழகாகப் போகும். புது பிளக்குக்கு வேண்டிய 19 சாக்கெட் அதில் நுழையவே நுழையாது. அதனால் ஒவ்வொரு முறையும் கவரை முழுசாக இறக்க வேண்டும். கவரைப் பிடிக்கும் கிளிப்புகள் வெயிலிலும் சூட்டிலும் மொரமொரப்பாகி, தொட்டாலே உடைகின்றன. ஓட்டையை அறுத்துப் பெரிதாக்கலாம்தான், மனம் வரவில்லை. நீட்டிக்கொண்டிருக்கும் தலை கவரை உரசுகிறதா என்று வேறு பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதுவரை உரசவில்லை.

இன்னொன்று, ஆறுகோணத் தலை என்றால் நீளமான ஸ்பேனரை மாட்டி ஏறி மிதிக்க வசதி. பிளக் இரும்பு, மரை இருக்கும் கியர்பாக்ஸ் கூடு அலுமினியம். அளவுக்கு மீறி இறுக்கினால் போவது கூட்டின் மரை. பிளக்கைப் புதிதாக வாங்கிப் போடலாம், கூட்டில் மரை போனால் துளையைப் பெரிதாக்கி இரும்புச் சுருளோ உறையோ பதிக்க வேண்டும். அந்த வேலையில் விழும் உலோகத்தூள் கியர்பாக்ஸுக்குள் போகாமல் பார்க்க வேண்டும். என் காரின் கையேட்டில் சொல்லியிருக்கும் இறுக்கம் 49 நியூட்டன் மீட்டர். கைக்கு அது குறைவாகத்தான் தோன்றும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ‘கிளிக்’ என்றதும் நிறுத்த மனசு வராது. நிறுத்திவிடுங்கள். புது வாஷர் போட்டு இந்த அளவில் இறுக்கி, இதுவரை ஒரு சொட்டு கசியவில்லை. அடியில் ஆயில் தங்கும் தட்டு (பான்) பிளாஸ்டிக்கில் வரும் கியர்பாக்ஸ்களில் இந்த அளவு இன்னும் எவ்வளவோ குறைவு. அவரவர் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆயில் அளவு பற்றி ஒரு வார்த்தை. கீழே வடிவது மொத்தத்தில் பாதிக்கும் கொஞ்சம் குறைவுதான், மீதி, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயிலால் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரிலும் உள்ளே இருக்கும் வழிகளிலும் தங்கிவிடும். வடிந்ததை அளந்து அதே அளவு ஊற்றி, கையேடு சொல்லும் சூட்டில் மட்டம் பார்த்தால் போதும். ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று எழுதி வைத்து பிளக்கை யாரும் தொடாமலே விடுவதுதான் இது இப்படி இறுகிப்போக இன்னொரு காரணம். கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக்குகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்தில் ஆயில் மாற்றச் சொல்கிறது.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு நண்பருக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் பிளக்கின் சதுரக் குழி நான்கு மூலையும் கூராக இருந்தால் இந்த ஆறுகோணப் பிளக்கை வாங்காதீர்கள். குழியைச் சுத்தம் செய்து, ராட்செட் முனை அடிவரை இறங்குகிறதா என்று பார்த்து, ஒவ்வொரு தடவையும் புது வாஷர் போட்டால் பழைய பிளக்கே காலத்துக்கும் வரும். கவரையும் கழற்ற வேண்டாம். காரை நீங்களே சர்வீஸ் செய்யாமல் வெளியே விடுவதாக இருந்தால் கட்டாயம் பழையதே இருக்கட்டும். நீள ஸ்பேனர் வைத்திருக்கும் கைக்கு ஆறுகோணத் தலையைக் கொடுக்க எனக்குத் துணிவில்லை. மூலை லேசாக மழுங்கியிருந்தாலும் சரி, அடுத்த ஆயில் மாற்றத்துக்குக் காத்திருக்காமல் இப்போதே பிளக்கைக் கழற்றி மாற்றிவிடுங்கள். இன்று ராட்செட்டில் வருவது அடுத்த முறை உளி கேட்கும். எதைப் போட்டாலும் 18 மில்லிமீட்டர் வாஷர் நாலைந்து சேர்த்து வாங்கி வையுங்கள். வேலைக்கு விட்டால் ஒன்றைக் கையிலேயே கொடுத்து, கழற்றிய பழையதைத் திருப்பிக் கேளுங்கள்.