ஹார்லெக்வின் கிட்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

பழைய ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரை நாமே சால்டர் போட்டுக் கட்டிக்கொள்ளும் ஹார்லெக்வின் கிட் பற்றிய அனுபவக் குறிப்புகள் பெரும்பாலும் திரையில் முதல் வரி தெரிந்த சந்தோஷத்தோடு முடிந்துவிடும். சால்டரிங் அயன் சூடு ஆறுவதற்குள் எழுதினால் அப்படித்தான் இருக்கும். என்னுடையது சில வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. இதுவரை ஒரு சிப்கூடப் போகவில்லை. தொல்லை கொடுத்ததெல்லாம் சாக்கெட், கனெக்டர், கீபோர்டு, ரெகுலேட்டர். அதாவது, ஆடுகிறவையும் சுடுகிறவையும்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. 1982-இல் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் என்ற ஹோம் கம்ப்யூட்டரில் திரை, கீபோர்டு, டேப், ஒலி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது ஃபெராண்டி தயாரித்த யூஎல்ஏ என்ற ஒற்றைச் சிப். அது இப்போது புதிதாகக் கிடைக்காது. அதன் வேலை முழுவதையும் சாதாரண 74 வரிசை லாஜிக் சிப்புகளைக் கொண்டே கிறிஸ் ஸ்மித் செய்து காட்டியதுதான் ஹார்லெக்வின். அதனால் போர்டு முழுக்க ஐசி மயம். ஆனால் ஒவ்வொன்றிலும் என்ன நடக்கிறது என்று ப்ரோப் வைத்துப் பார்க்கலாம். 14 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் தொடங்கினால், அதில் பாதி பிக்சலுக்கு, கால் பங்கான 3.5 மெகாஹெர்ட்ஸ் ப்ராசசரான இசட்80-க்கு. எல்லாவற்றையும் எஃப்பிஜிஏ என்ற, உள் இணைப்பை நாமே அமைத்துக்கொள்ளும் ஒரே சிப்புக்குள் அடைத்த ரெடிமேட் பெட்டிகளை விட்டு நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே இதுதான்.

சால்டரிங் பொறுமை கேட்கும், திறமை அவ்வளவாகக் கேட்காது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த 63/37 சால்டர் 183 டிகிரியில் சட்டென்று உருகி உறைந்துவிடுவதால் புதியவர்களுக்கு அதுவே வசதி. கிரவுண்ட் பின்கள் மட்டும் சூட்டை உறிஞ்சும், அங்கே முனையைக் கொஞ்சம் கூடுதலாக வைத்திருக்க வேண்டும். கலர் சிக்னலுக்கான ஏடி724 சிப், துளையில் சொருகாமல் போர்டின் மேலேயே சால்டர் போடும் சர்ஃபேஸ் மவுண்ட்டில்தான் வரும். போர்டு காலியாக இருக்கும்போதே, ஃப்ளக்ஸைத் தாராளமாகத் தடவி, முதல் வேலையாக அதை முடித்துவிடுங்கள். சிப்புகளைச் சொருகும் முன் இசட்80 சாக்கெட்டில் 11-ஆம் பின்னுக்கும் 29-ஆம் பின்னுக்கும் இடையே 5 வோல்ட் வருகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

அடுத்தது சாக்கெட். கிட்டோடு வந்தவை மலிவான தகடு வகை. முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஆட்டத்தின் நடுவே திடீரென்று திரை உறையும், அல்லது வண்ணக் கட்டங்களாகச் சிதறும். ராம் சிப்பை விரலால் அழுத்தினால் சரியாகிவிடும், இரண்டு நாளில் மறுபடியும் அதே கதை. போர்டு சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் சிப் மயிரிழை அளவு மேலே ஏறுகிறது. ராம், ராம் பக்கத்து ரோம் இரண்டுக்கும் கடைசல் பிடித்த பின்கள் உள்ள சாக்கெட் மாற்றிய பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனால் சால்டர் போட்ட சாக்கெட்டைக் கழற்றுவது நரக வேலை. பிளாஸ்டிக்கை வெட்டி எடுத்துவிட்டு, ஒவ்வொரு பின்னாகச் சூடாக்கி உருவ வேண்டும். புதிதாகக் கட்டுபவர்கள் ஆரம்பத்திலேயே நல்ல சாக்கெட் வாங்கிவிடலாம். 74 சிப்புகளுக்குச் சாக்கெட்டே வேண்டாம், நேரடியாகச் சால்டர் போடலாம் என்பது என் கட்சி. பழுது பார்ப்பது சிரமம் என்பார்கள், வாஸ்தவம்தான். ஆனால் அந்தச் சிப்புகள் லேசில் பழுதாவதில்லை.

ராம் மேல் சந்தேகம் வந்தால் தனிக் கருவி தேவையில்லை. சுவிட்சைப் போட்டதும் திரை கறுத்து, மெல்லிய சிவப்புக் கோடுகள் நெட்டாக ஒரு கணம் தோன்றி மறையும். ரோம் எல்லா நினைவக இடத்திலும் 2 என்ற எண்ணை எழுதிச் சோதிப்பதுதான் அப்படித் தெரிகிறது. கோளாறான இடம் வந்ததும் சோதனை அங்கேயே நின்றுவிடும். பிறகு பேசிக்கில் பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733 என்று கேட்டால், 48கே எந்திரம் 65535 என்று சொல்ல வேண்டும். அதற்குக் குறைந்தால் எங்கே இடறியது என்பதும் அந்த எண்ணிலேயே இருக்கிறது.

எனக்கு வந்த கிட்டில் 7805 ரெகுலேட்டர். 9 வோல்ட்டை 5 ஆக்கும்போது மிச்சம் 4 வோல்ட்டும் சூடாகத்தான் போகும். அரை ஆம்பியர் ஓடினால் 2 வாட். மூடிய பெட்டிக்குள் அது கொஞ்சநஞ்சமல்ல. அதே மூன்று கால் அளவில் கிடைக்கும் ஸ்விட்ச்சிங் மாட்யூலை மாற்றிய பின் பெட்டி வெதுவெதுப்போடு நின்றுவிடுகிறது. அடாப்டர் விஷயத்தில் உஷார்: பழைய ஸ்பெக்ட்ரமுக்கு நடு முனை நெகட்டிவ், இன்றைய அடாப்டர்களில் பெரும்பாலும் பாசிட்டிவ். போர்டில் அச்சிட்ட குறியைப் பார்த்து, மீட்டரிலும் சரிபார்த்துச் சொருகுங்கள்.

கீகளுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் சவ்விலிருந்து நீளும் நாக்கு கனெக்டர் ஓரத்தில் விரிசல் விடும். பெட்டியை அடிக்கடி திறப்பவர்களுக்கு இது சீக்கிரமே வரும். டேப்புக்குப் பதிலாக, கேம்களை போனிலிருந்து ஆடியோவாக ஏற்றுகிறேன். முதலில் சிவப்பும் நீலப்பச்சையுமாக, பிறகு நீலமும் மஞ்சளுமாகப் பார்டரில் பட்டைகள் ஓடும். போனை ஃப்ளைட் மோடில் போட மறக்கக் கூடாது. நாலு நிமிடம் ஏறிய கேமை ஒரு மெசேஜ் சத்தம் கெடுத்துவிடும்.

வாங்க நினைப்பவர்கள் இசட்80-ஐத் தள்ளிப் போடாமல் வாங்கிவிடுங்கள். அதைத் தயாரித்த ஸைலாக் நிறுவனம் அதன் 40 பின் வடிவத்துக்கு 2024 ஜூனோடு ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிட்டது. சந்தையில் பழைய சிப்பின் எழுத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அச்சடித்தவையும் உலவுகின்றன. 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு அவையும் பெரும்பாலும் ஓடும். நான் இரண்டு உபரி எடுத்து, போர்டில் போட்டு ஓட்டிப் பார்த்த பிறகே உள்ளே வைத்தேன்.