வால்வு மாற்றினால் மூச்சிரைப்பு எவ்வளவு குறையும்?

மெல்பர்னிலிருந்து இந்த முறை பினாங்குக்குப் போனது சித்தப்பாவுக்காக. இதயத்தின் பெருந்தமனி வால்வு சுருங்கிவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

முதலில் பார்த்த தனியார் மருத்துவமனையில் எல்லாமே வேகம். எக்கோ எடுத்து, செலவுக் கணக்கையும் அன்றே கையில் கொடுத்துவிட்டார்கள். ஆனால் மூச்சிரைப்பு எவ்வளவு குறையும் என்று கேட்டால், "பழையபடி ஆகிவிடுவார்" என்பதோடு சரி. 40 வருடம் சிகரெட் பிடித்தவரிடம் நுரையீரலைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. எனக்கு மனம் ஒப்பவில்லை.

இன்னொரு மருத்துவரையும் கேட்டுவிடலாம் என்று போன இடத்தில் மதியம் தாண்டித்தான் அழைத்தார்கள். ஆனால் அங்கிருந்த தாதி நாற்காலியை இழுத்துப் போட்டுச் சித்தப்பாவின் அருகில் உட்கார்ந்தார். கையில் கான்சாஸ் சிட்டி வினாப்படிவம்: இதய நோயால் அன்றாட வாழ்வில் எவ்வளவு சிரமம் என்று அளக்கும் 12 கேள்விகள். "குளிக்கும்போது இரைக்கிறதா, ஐயா? கால் வீங்குகிறதா? உட்கார்ந்தபடியே தூங்குகிறீர்களா?" எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று சமாளித்தவர், சித்தி முறைத்ததும் மூன்று தலையணை வைத்துப் படுப்பதை ஒப்புக்கொண்டார். படிவத்தின் மதிப்பெண் 0 முதல் 100 வரை; கூடக் கூட நல்லது. சிகிச்சைக்குப் பிறகு 5 கூடினால் சிறு மாற்றம், 20 கூடினால் பெரிய மாற்றம்.

மருத்துவர் பேசியது இன்னும் பிடித்தது. "வால்வால் வரும் இரைப்பு வால்வை மாற்றினால் குறையும். நுரையீரலால் வருவது அப்படியே இருக்கும். எது எவ்வளவு என்று பார்க்காமல் வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார். ஒழுங்கற்ற இதயத் துடிப்பு, சிறுநீரகக் கோளாறு, உடல் தளர்ச்சி இவையும் பலனைக் குறைக்குமாம். அதே சமயம், இப்போது மிகவும் சிரமப்படுகிறவர்களுக்குத்தான் முன்னேறவும் நிறைய இடமிருக்கிறது என்றார். தொடை இரத்தக்குழாய் வழியாக வால்வு வைத்தால் முதல் மாதத்திலேயே தெம்பு தெரியும். ஒரு வருடத்தில் நெஞ்சைத் திறந்து செய்தவர்களும் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்துவிடுவார்கள். நுரையீரல் பரிசோதனைக்கும் 6 நிமிட நடைக்கும் எழுதிக் கொடுத்தார்.

சித்தப்பாவுக்கு ஒரே கேள்விதான்: "தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறலாமா?" பினாங்கின் அந்த மலைமேல் முருகன் கோயிலுக்கு 500க்கும் மேற்பட்ட படிகள்! மருத்துவர் சிரிக்கவில்லை. "சந்தைக்கு நின்று நின்று போகிறீர்களே, அது குறையும் என்று நம்புகிறேன். மலையைப் பற்றி நுரையீரல் முடிவு வந்ததும் சொல்கிறேன்."

முடிவு வந்தது. நுரையீரல் பாதிப்பு நடுத்தரம். இரைப்பில் ஒரு பங்கு மிஞ்சும் என்று நேராகவே சொன்னார். சித்தப்பா அங்கேயே செய்துகொள்வதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.