கடைக் கணக்கை வேறு கணினிக்கு ஏற்றுவது: கோப்பு கொப்பியா, பெக்கப்பா, எக்செல்லா?

மாமாவின் துணிக்கடை கொழும்பு புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் இருக்கிறது. பில், கடன், ஸ்டொக் எல்லாம் ஒரு பழைய விண்டோஸ் கணினியில் ஓடும் கணக்குச் செயலிக்குள்தான். இணையம் தேவைப்படாத செயலி, அதனால் தரவும் முழுக்க அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. அண்மையில் பெட்டி தானாக அணைந்து அணைந்து எழும்பத் தொடங்கியதும், "தம்பி, இது மண்டையைப் போட முன்னம் எல்லாத்தையும் புது லெப்டொப்புக்கு ஏத்தித் தா" என்றார். இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்ததில் எது எங்கே காலை வாரியது என்பதுதான் கீழே.

எல்லோரும் முதலில் செய்வதைத்தான் நானும் செய்தேன்: செயலியின் தரவுக் கோப்பைத் தேடிப் பிடித்து பென் டிரைவில் போடுவது. வேகமான வழி, யாருடைய தயவும் தேவையில்லை. புது லெப்டொப்பில் போட்டுத் திறந்தால் கணக்கு அழகாக வந்தது, ஆனால் கடைசிச் சில நாட்களின் பில்களைக் காணோம்! மாமா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

காரணம் சின்னது. இந்த மாதிரிச் செயலிகள் பலவற்றின் அடியில் இருப்பது எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம் (உங்கள் போனுக்குள்ளும் அதுதான் இருக்கிறது). 2010இலிருந்து அதில் ஒரு எழுதும் முறை உண்டு. அதில் புதுப் பதிவுகள் உடனே மூலக் கோப்புக்குப் போகாமல், அதே பெயரோடு பின்னால் '-wal' (வால்) என்று ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு துணைக் கோப்பில் முதலில் விழும். அந்த வால் வழக்கமாக 1000 பக்கம், அதாவது கிட்டத்தட்ட 4 எம்பி, சேர்ந்த பிறகுதான் மூலத்தோடு கலக்கப்படும், அல்லது செயலியை ஒழுங்காக மூடும்போது கலக்கப்படும். ஒரு துணிக்கடையின் பில்லுக்கு 4 எம்பி என்பது பல நாள் வியாபாரம். மாமாவோ செயலியை மூடுவதே இல்லை, திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போவார். நான் வாலை விட்டுவிட்டு மாட்டை மட்டும் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆகவே கோப்பு கொப்பி செய்வதென்றால் செயலியை மூடுங்கள், பிறகு அந்த ஃபோல்டரை அப்படியே முழுதாக எடுங்கள். திறந்திருக்கும்போது எடுத்தே ஆகவேண்டுமென்றால் எஸ்கியூலைட்டுக்கென்று தனி பெக்கப் கட்டளை இருக்கிறது, அது வாலையும் சேர்த்து ஒழுங்கான ஒரே கோப்பாகத் தரும். கட்டளை எழுதத் தெரிந்தவருக்கு மட்டும்.

கொப்பி நடுவில் நின்றால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். 2025 பெப்ரவரி 9, பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்க கரண்ட் போன அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கடையில் ஸ்டொக் எடுத்துவிட்டு பென் டிரைவுக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். யூபிஎஸ் கிடையாது. பிறகு பார்த்தால் பென் டிரைவில் கோப்பு இருந்தது, பெயர் சரியாக இருந்தது, திறக்க மட்டும் முடியவில்லை. கணினியில் இருந்த மூலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பாதியில் நின்ற பதிவைத் தானே பின்வாங்கிச் சரிசெய்யும் புத்தி அந்தத் தரவுத்தளத்துக்கு உண்டு. வெறுமனே கொப்பி செய்த கோப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

அடுத்தது செயலியின் சொந்த பெக்கப் பொத்தான். என் ஓட்டு இதற்குத்தான். வால் பிரச்சினை இல்லை, பில்லில் ஒட்டிய படங்கள், செட்டிங் எல்லாம் ஒரே மூட்டையில் வந்துவிடும், கடைப் பையனே அமத்தலாம். ஒரு நிபந்தனை: புது லெப்டொப்பில் போடும் செயலி பழையதன் அதே பதிப்பாகவோ அதற்குப் புதியதாகவோ இருக்கவேண்டும். புதுப் பதிப்பில் எடுத்த பெக்கப்பைப் பழைய பதிப்பு பெரும்பாலும் ஏற்காது, அட்டவணைகளின் அமைப்பே மாறியிருக்கும். அதனால் பெக்கப்போடு சேர்த்து செயலியின் இன்ஸ்டோல் கோப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, வேறு கம்பெனிச் செயலிக்கு மாறுவதென்றால் இந்த மூட்டையால் அநேகமாகப் பயன் இல்லை.

அங்கேதான் சிஎஸ்வி வருகிறது, எக்செல்லில் திறக்கும் சாதாரண எழுத்துக் கோப்பு. எந்தச் செயலியும் வாங்கும் என்பார்கள். வாங்கும்தான், ஆனால் எக்செல்லில் இரண்டு முறை அமத்தித் திறந்து சேமித்தீர்களோ, 077 என்று தொடங்கும் போன் இலக்கங்களின் முன்னால் இருந்த பூச்சியம் எல்லாம் போய்விடும். 03/04 என்ற திகதி ஏப்ரல் 3ஆ மார்ச் 4ஆ என்பது அந்தக் கணினியின் செட்டிங்கைப் பொறுத்தது. தமிழ்ப் பெயர்கள் கொம்பு முளைத்த அந்நிய எழுத்துகளாகத் தெரியும். அதற்கு, நேராகத் திறக்காமல் டேட்டா மெனு வழியாக உள்ளே எடுத்து, எழுத்துக் குறியீட்டை யூடிஎஃப்-8 என்று தெரிவுசெய்து, போன் பத்தியை டெக்ஸ்ட் என்று சொல்லவேண்டும்.

எங்களுக்கு இதைவிடப் பெரிய தலையிடி பாமினி. பழைய வாடிக்கையாளர் பெயர்கள் அந்த எழுத்துருவில் தட்டியவை. உள்ளே உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகள், எழுத்துரு போனால் முகமூடி கழன்றுவிடும். யூனிகோடாக (எந்த எழுத்துருவிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீடாக) மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆனால் ஒரே பத்தியில் உண்மையான ஆங்கிலப் பெயர்களும் கலந்திருந்தால் கருவி அவற்றையும் தமிழாக்கிக் குதறிவிடும். இரண்டையும் பிரித்தெடுக்க எனக்கு ஒரு முழு இரவு போனது.

கிளவுட் சிங்க் (கணினியில் உள்ள ஒரு ஃபோல்டரை இணையத்திலும் தானாக அப்படியே வைத்திருப்பது) பற்றிக் கேட்பவர்களுக்கு: வசதி நல்லது, ஆனால் இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குள் கண்டுபிடித்தால் சரி. ஓடிக்கொண்டிருக்கும் தரவுக் கோப்பையே சிங்க் ஃபோல்டரில் வைக்காதீர்கள், முன்னால் சொன்ன வால் கதைதான் மறுபடியும். பெக்கப் மூட்டையை அங்கே போடலாம், போடவும் வேண்டும், ஏனென்றால் புறக்கோட்டையில் கடை தீப்பிடிப்பது புதுச்செய்தி இல்லை, பென் டிரைவோ கல்லாப்பெட்டிக்குள்தான் கிடக்கிறது.

கடைசியில் நாங்கள் செய்தது: அதே செயலி, பெக்கப் பொத்தான், புது லெப்டொப்பில் ரெஸ்டோர். மாமா நம்பவில்லை. பழைய கணினியில் ஒரு பக்கம், லெப்டொப்பில் ஒரு பக்கம் கடன் பட்டியலை விரித்து, ஒவ்வொரு பெயராக வாய்விட்டு வாசித்து, இரண்டு மொத்தமும் சதம் பிசகாமல் பொருந்திய பிறகுதான் தேநீர் சொன்னார். பழைய பெட்டியை இன்னும் வீசவில்லை, மேசைக்குக் கீழே துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்.